புதுப் பாட்டில் ரசிகருக்கு எவ்வளவு இடம்?

இருபது, முப்பது வருடம் மேடையேறிய எந்தக் குழுவுக்கும் ஒரே சிக்கல்தான். பழைய பாட்டை எடுத்தால் விசில் பறக்கிறது. புதுப் பாட்டை எடுத்தால் கூட்டம் டீ குடிக்க எழுந்து போகிறது. தர்மபுரிப் பக்கத்துத் திருவிழாக்களில் லைட் மியூசிக் மேடைக்கு வரும் துண்டுச் சீட்டுகளைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும். அவற்றில் இருப்பது எப்போதுமே ஏற்கெனவே கேட்ட பாட்டு. இன்னும் பிறக்காத பாட்டைப் பாடச் சொல்லி யாரால் சீட்டு எழுத முடியும்?

அப்படியானால் புதுப் பாட்டு உருவாகும்போது ரசிகரை எங்கே உட்கார வைப்பது? மேல்நாட்டு மூத்த குழுக்கள் சில இதற்கு வெவ்வேறு வழிகளைக் கையாண்டிருக்கின்றன. நம் மாவட்டத்தில் சொந்தமாகப் பாட்டு கட்டும் இசைக்குழுக்களும் கூத்து ஜமாக்களும் அவற்றில் எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் அக்கறை.

முதலில் பணம். மரில்லியன், இங்கிலாந்தில் 1979-இல் தொடங்கிய குழு. 1997-இல் அமெரிக்கா போய் வாசிக்கக் காசில்லை என்று தெரிந்ததும், அங்கிருந்த ரசிகர்கள் தாங்களாகவே இணையம் வழியாகச் சுமார் 60,000 டாலர் திரட்டிவிட்டார்கள். அந்தத் தெம்பில் குழு அடுத்த ஆல்பத்துக்கு நேரடியாக ரசிகர்களிடமே கேட்டது. 2001-இல் வந்த 'அனோராக்னோஃபோபியா'வுக்கு, பதிவு செய்வதற்கு முன்பே 12,000-க்கும் மேற்பட்டவர்கள் பணம் கட்டினார்கள். இப்படிப் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டித் தரும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளம் பிறக்க இன்னும் எட்டு வருடம் இருந்த காலம் அது. முன்பணம் கட்டியவர்களின் பெயர்கள் ஆல்பத்தோடு வந்த புத்தகத்தில் அச்சாயின. நமக்கு இது புதிதல்ல. கூத்து நடுவில் யாராவது நோட்டை நீட்டினால், கதையை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்தி, கொடுத்தவர் பெயரையும் ஊரையும் தொகையையும் சபையறியச் சொல்கிறான்.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது, பணம் கொடுத்தவர் மெட்டில் கை வைக்கவில்லை என்பதுதான். ஆல்பம் வெளியிடும் கம்பெனியின் கெடுபிடி குறைந்தது. பேனா குழுவின் கையிலேயே இருந்தது. ஆனால் பாட்டைக் கேட்காமலே பணம் கட்ட வேண்டுமானால், அதற்கு முன் பல வருட நம்பிக்கையைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது ஓட்டு. 2014-இல் அமெரிக்க ராக் குழு மெட்டாலிக்கா, அன்றன்றைய கச்சேரியில் எந்தெந்தப் பாட்டு என்பதை டிக்கெட் வாங்கியவர்களின் ஓட்டுக்கு விட்டது. 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்த அதே குழு. ஓசூர்க்காரர்களுக்கு அது பக்கத்து ஊர்க் கச்சேரி. இந்த ஓட்டு நம் துண்டுச் சீட்டின் பெரிய வடிவம், அவ்வளவுதான். பட்டியலை நிரப்பியவை பெரும்பாலும் எண்பதுகளின் பாட்டுகளும் தொண்ணூறுகளின் தொடக்கத்துப் பாட்டுகளும். அந்தப் பயணத்தில் இருந்த ஒரே புதுப் பாட்டைக் குழுவே சேர்க்க வேண்டியிருந்தது. ரசிகருக்கு நன்றி சொல்ல நல்ல வழி. புது இசைக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

பாட்டைப் பிரித்துக் கையில் கொடுத்துவிடும் வழியும் உண்டு. இங்கிலாந்துக் குழு ரேடியோஹெட் 2008-இல் 'நியூட்' பாட்டின் குரல், டிரம்ஸ், கிட்டார் முதலானவற்றைத் தனித்தனியாக விற்று, விருப்பம்போல் சேர்த்துப் பாருங்கள் என்றது. வீட்டிலேயே கம்ப்யூட்டரில் இசை பழகும் பையன்களுக்கு அருமையான பாடம். ஆனால் அது முடிந்த பாட்டு. அவர்கள் செய்தது எதுவும் அந்தப் பாட்டை இனி மாற்றாது.

கனமான போட்டி மற்ற இரண்டு வழிகளுக்கு இடையில்தான்.

ஐன்ஸ்ட்யூர்ட்சென்டே நொய்பவுட்டன் 1980-இல் மேற்கு பெர்லினில் தொடங்கிய குழு. இரும்புத் தகடும் துளைபோடும் இயந்திரமும் அவர்களுக்கு வாத்தியம். 2002-இல் இவர்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள். சந்தா கட்டிய ஆதரவாளர்கள், குழு பயிற்சி செய்வதையும் பாட்டு கட்டுவதையும் வெப் கேமரா வழியாக நேரடியாகப் பார்க்கலாம். தோன்றியதை அங்கேயே எழுதலாம். இப்படித் திரண்ட ஆதரவில்தான் 2007-இல் ஓர் ஆல்பத்தை எந்தக் கம்பெனியும் இல்லாமல் வெளியிட்டார்கள். மரில்லியனின் ரசிகர் பார்க்காததை இவர்கள் பார்த்தார்கள்: பாட்டு சிக்கிக்கொண்டு நிற்பது, ஒரு நல்ல யோசனை கைவிடப்படுவது, வாய்க்குள் முனகியது வரியாவது. ரசிகருக்கு இதைவிடப் பெரிய மரியாதை இல்லை என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம். சந்தா கட்டி, நேரம் ஒதுக்கி, கேமராவின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் ஏற்கெனவே குழுவின் பக்கம் சாய்ந்தவர். பாட்டு சுமாராக இருந்தாலும் எழுந்து போக மாட்டார். மூத்த குழுவுக்கு மிகவும் தேவைப்படுவது எழுந்து போகக்கூடியவரின் காது.

அதனால்தான் ஆர்.ஈ.எம். குழு அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் செய்தது எனக்கு எல்லாவற்றுக்கும் மேலாகத் தெரிகிறது. 1980-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கிய குழு. 2004-இல் வந்த ஆல்பம் குழுவுக்கே திருப்தி தரவில்லை. அடுத்ததைப் பதிவு செய்யுமுன், 2007-இல் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை தொடக்கம் வரை டப்ளின் ஒலிம்பியா அரங்கில் ஐந்து இரவுகள், இன்னும் முடியாத பாட்டுகளை மக்கள் முன்னால் வாசித்தார்கள். 'இது கச்சேரி அல்ல' என்று சொல்லியே வாசித்தார்கள். அங்கே வாசித்தவற்றில் சில, மறு வருடம் வந்த 'ஆக்ஸிலரேட்' ஆல்பத்தில் இடம்பெறவே இல்லை. அந்த ஆல்பமும் முந்தையதைவிடச் சுருக்கமாக, வேகமாக வந்தது.

இங்கே யாரும் ஓட்டுப் போடவில்லை, கருத்து எழுதவில்லை. உனக்கு என்ன வேண்டும் என்று ரசிகரைக் கேட்டால் தெரிந்ததைத்தான் சொல்வார். தெரியாத ஒன்றை அவர் முன்னால் வாசித்தால் கால் தாளம் போடும், அல்லது கண் வேறெங்கோ போகும். மேடையில் முப்பது வருடம் நின்றவருக்கு அதைப் படிக்கத் தெரியும். தீர்ப்பு ரசிகருடையது, திருத்தம் குழுவினுடையது.

இதில் நமக்குள்ள வசதி டப்ளினில் வாசித்த ஆர்.ஈ.எம்.முக்கும் இல்லை. அவர்கள் தனியாக அரங்கம் எடுத்து, ஐந்து இரவுகளை ஒதுக்க வேண்டியிருந்தது. இங்கே பங்குனி தொடங்கினால் ஒரு ஜமா இன்று பென்னாகரம் பக்கம், நாளை பாலக்கோடு, அடுத்து காவேரிப்பட்டணம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. விடிய விடிய ஆட்டம். ஊருக்கு ஊர் வேறு கூட்டம். நள்ளிரவுக்கு மேல் பாதிப் பேர் தூங்கிவிழும் நேரத்தில் ஒரு புது விருத்தத்தைப் பாடி, எத்தனை பேர் நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்று வாத்தியார் பார்க்கலாம். லைட் மியூசிக் குழுவும் சீட்டுப் பாட்டுகளை நிறுத்த வேண்டியதில்லை. நான்கு தெரிந்த பாட்டுக்கு நடுவே சொந்தப் பாட்டு ஒன்றை அறிவிப்பில்லாமல் வையுங்கள். 'இது எங்கள் புதுப் படைப்பு' என்று மைக்கில் சொன்னால் மரியாதைக்குக் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலால் பயனில்லை. எந்தச் சரணத்தில் கூட்டம் தளர்கிறது என்று தபேலாக்காரர் கவனிக்கட்டும். அடுத்த ஊரில் அந்தச் சரணத்தைக் குறைத்தோ மாற்றியோ பாடிப் பாருங்கள்.

யாராவது போனில் பிடித்து, அரைகுறைப் பாட்டைப் பரப்பிவிடுவார்களே என்ற பயம் நியாயமானதுதான். பரவட்டும் என்பேன். அடுத்த ஊரில் அதே பாட்டு வேறு மாதிரி வரும்போது, முதலில் கேட்டவருக்கும் அதில் பங்கு உண்டு.

பணம் கேட்பதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம். மரில்லியனுக்குப் பாட்டுக்கு முன்பே பணம் வந்தது. நம் குழுக்கள் ஐந்து ஊரில் பாடித் தேறிய பாட்டோடு போய், அந்த ஐந்து ஊர் மக்களிடமே ஸ்டுடியோ செலவைக் கேட்கட்டும். கொடுத்தவர்களின் பெயரையும் ஊரையும் கட்டியங்காரன் குரலிலேயே பதிவு செய்து பாட்டின் கடைசியில் சேர்க்கட்டும்.