ஸ்டாம்பு ஜோடிச் சீட்டு: இரண்டு வருஷத்துக்கு மேல் விளையாடிப் பார்த்ததில்

பழைய அஞ்சல் தலைகளை அட்டையில் ஒட்டி, கவிழ்த்துப் பரப்பி, ஆளுக்கு இரண்டு சீட்டாகத் திருப்பி ஜோடி சேர்க்க வேண்டும். கடையில் விற்கும் ஞாபக விளையாட்டின் அதே விதிதான். என் மகளும் அக்கா பிள்ளைகளும் இரண்டு வருஷத்துக்கு மேலாக விளையாடுகிறார்கள். கடையில் வாங்கிய பெட்டிகள் பரணுக்குப் போய்விட்டன, இது இன்னும் கூடத்தில்தான் கிடக்கிறது.

அதற்குக் காரணம் ஜோடியைத் தேர்ந்தெடுத்த விதம் என்பது என் அனுபவம். ஒரே ஸ்டாம்பு இரண்டு வைத்தால் சின்னக் குழந்தைகளுக்குச் சரி. ஆறு வயதைத் தாண்டியதும் சலித்துப்போகும். அண்ணன் தம்பி மாதிரி ஸ்டாம்புகளை வையுங்கள். 1957-இல் நயா பைசா வந்தபோது வெளியான இந்திய வரைபட ஸ்டாம்புகளில் படம் ஒன்றேதான், விலைக்கு விலை நிறம் மாறும். பிரிட்டனில் 1967-இல் தொடங்கிய எலிசபெத் ராணி ஸ்டாம்புகளும் அப்படியே. நிறம் ஜோடியா, படம் ஜோடியா என்று ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி வைத்துவிடுவோம். விதி மாறினால் அதே சீட்டுக்கட்டு புது விளையாட்டாகிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 'நாட்டு ஜோடி'. ஒரே நாட்டின் இரண்டு வேறு ஸ்டாம்புகள். படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, எழுத்தைத்தான் தேட வேண்டும். 'மகியார் போஸ்டா' என்றால் ஹங்கேரி, 'ஹெல்வெட்டியா' என்றால் சுவிட்சர்லாந்து. இதெல்லாம் பிள்ளைகளுக்கு இப்போது மனப்பாடம். பிரிட்டன் ஸ்டாம்பைத் திருப்பிய அக்கா பையன், "சித்தி, இதுல ஊர் பேரே இல்லையே!" என்றான். 1840-இல் உலகத்துக்கே முதலில் ஸ்டாம்பு அடித்த நாடு அது, அன்று முதல் இன்றுவரை பெயர் போடுவதில்லை, அரசரின் தலை மட்டும்தான் என்று சொன்னேன். அன்றிலிருந்து பெயரில்லாத ஸ்டாம்பைத் தேடிப் பிடிப்பது அவனுக்குத் தனி ஆட்டம். இலங்கை ஸ்டாம்பின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'இலங்கை' என்று தமிழில் இருப்பதை என் மகள்தான் முதலில் படித்தாள். பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி உட்காருங்கள், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

செய்முறை சுலபம். உறையிலிருந்து ஸ்டாம்பைச் சுற்றியுள்ள தாளோடு வெட்டி, பச்சைத் தண்ணீரில் அரைமணி நேரம் மிதக்க விட்டால் தானாகக் கழன்று வரும். பிய்க்காதீர்கள், பல் ஓரம் போய்விடும். சாயம் போகிற சிவப்பு, பழுப்பு உறைகளைத் தனியாக ஊறவையுங்கள். ஸ்டிக்கர் வகையில் பல தண்ணீரில் கழலாது, அவற்றைத் தாளோடே கத்தரித்து ஒட்டிவிடலாம். செய்தித்தாளில் குப்புறப் போட்டுக் காயவைத்து, தடிமனான புத்தகத்துக்குள் ஓர் இரவு வைத்தால் சுருக்கம் போய்விடும்.

அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகை போதும். பின்பக்கம் எல்லாச் சீட்டிலும் ஒரே தாளை ஒட்டுவது அவசியம். இல்லாவிட்டால் பிள்ளைகள் மூலையிலுள்ள பூவை வைத்தே சீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தண்ணிப் பசை ஸ்டாம்பைச் சுருக்கும், குச்சிப் பசை நல்லது. சில சீட்டுகளை லேமினேட் செய்து பார்த்தோம். வழுக்குகிறது, ட்யூப்லைட் வெளிச்சத்தில் பளபளத்துப் பொடி எழுத்தை மறைக்கிறது. லேமினேட் செய்யாதவை மூலை மழுங்கி, விளிம்பில் அழுக்கேறி இருக்கின்றன, ஆனாலும் ஸ்டாம்புகள் பத்திரமாகவே உள்ளன. மூலைகளை முன்பே வட்டமாக வெட்டிவிட்டால் இன்னும் நாள் தாங்கும்.

முத்திரை குத்திய சாதாரண ஸ்டாம்புகளையே எடுங்கள். முத்திரையில் ஊர் பெயரும் தேதியும் தெளிவாக விழுந்திருந்தால் அதைப் படிப்பதும் ஓர் ஆட்டம். தாத்தா சேர்த்த ஆல்பத்தில் கை வைக்க வேண்டாம். பசையில் ஒட்டிய அரிய ஸ்டாம்புக்குச் சேகரிப்பாளரிடம் மதிப்பில்லை. வீட்டில் பழைய உறை இல்லாதவர்கள் ஸ்டாம்பு விற்பவர்களிடம் கலவைப் பாக்கெட்டாகக் கேட்கலாம். புது ஸ்டாம்பு வேண்டுமென்றால் சென்னையில் அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தில் சேகரிப்பாளர்களுக்கான தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப்போய், ஒரு ஜோடியை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.