குளிர்காலத்துக்கு வண்டியைத் தயார் செய்யக் கொடுக்கிறீர்களா? ஒரு நிமிடம்!

அரை மாதச் சம்பளம் போச்சு. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடையின் பெயர் வேண்டாம். டயர், பேட்டரி, ரேடியேட்டர் எல்லாம் ஒரே கூரையின் கீழ் பார்க்கும் ஒரு நடுத்தர ஒர்க்‌ஷாப், அவ்வளவுதான் சொல்வேன்.

குளிர் இறங்குவதற்கு முன்னால் மொத்தமாகத் தயார் செய்து தருகிறோம் என்றார்கள். என்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவமான பழைய கூலன்ட்டை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுவது, நான்கு புதுக் குளிர்கால டயர், பேட்டரி சோதனை. இதற்குத்தான் அந்த அரை மாதச் சம்பளம்.

நான் நம்பிய இடத்தைச் சொல்கிறேன். அந்த ஆள் பானெட்டைத் திறந்து, கூலன்ட்டில் ஒரு சொட்டு எடுத்து, அது எத்தனை டிகிரியில் உறையும் என்று காட்டும் கையடக்கமான ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் விட்டு, என்னையே வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னார். நீலமும் வெள்ளையும் சேரும் கோடு மைனஸ் 10-ஐ ஒட்டி நின்றது. "பாத்தீங்களா சார், தண்ணி ஜாஸ்தியா இருக்கு. உறைஞ்சா விரியும், என்ஜின் பிளாக்கே பிளந்துடும். கூலன்ட்டும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்தா மைனஸ் 37 வரைக்கும் கவலையில்ல. நம்ம வண்டி மாதிரி பாத்துக்கறேன்." அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அப்படி ஒருவர் விளக்கிச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? வேலை முடிந்து சாவியைக் கொடுத்தபோது அந்தக் கருவி மட்டும் வெளியே வரவில்லை.

முதல் கடுங்குளிர் மைனஸ் 20-க்குப் போனது. வண்டி இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆனது. கொஞ்ச தூரத்திலேயே ஹீட்டரில் குளிர்ந்த காற்று, ஆனால் வெப்பமுள் சிவப்பைத் தொடுகிறது! வெளியே உறைபனி, உள்ளே என்ஜின் கொதிக்கிறது. ரேடியேட்டருக்குள் கூலன்ட் கூழாக உறைந்து ஓட்டம் நின்றால் இப்படித்தான் ஆகுமாம். கட்டி இழுத்துப்போய் வேறொரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவரும் அதே மாதிரி ஒரு கருவியில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். கோடு அதே மைனஸ் 10-இல்! வடிக்கவும் இல்லை, ஊற்றவும் இல்லை. பனிக்கட்டி தள்ளியதில் என்ஜின் பக்கவாட்டில் இருக்கும் கோர் பிளக் என்ற உலோக மூடி ஒன்று பிதுங்கி, உருகியதும் ஒழுக ஆரம்பித்திருந்தது.

அப்புறம் அவர் டயரைப் பார்த்தார். கறுப்புப் பாலிஷ் பளபளக்கிறது, ஆனால் தயாரிப்புத் தேதி இருக்கும் பக்கத்தை நான்கிலும் உட்புறமாகத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் 3813. அதாவது 2013-ஆம் ஆண்டின் 38-ஆவது வாரம். புது டயராம்! அதுவும் வெறும் 'எம் பிளஸ் எஸ்' (M+S, சேறும் பனியும்) முத்திரை. மலைக்குள் பனிப்படிகம் வரைந்த சின்னம் இல்லை. பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அந்தச் சின்னம் கிடைக்கும். எம் பிளஸ் எஸ் என்பது தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்வது.

போன் செய்தால் முதலில் "ஓனர் வெளிய போயிருக்கார்." மறுபடி செய்தால் "குடுக்கும்போது சரியாத்தான் இருந்துச்சு, வேற எங்கயோ தொறந்திருக்காங்க." நேரில் போய் நின்றால் "யாரு சார் வண்டிய வெளிய நிறுத்தச் சொன்னது?" குளிர்காலத்துக்கென்று தயார் செய்த வண்டியை வெளியே நிறுத்தக் கூடாதாம்! பில்லைக் காட்டினேன். 'குளிர்காலப் பராமரிப்பு, முழுமை' என்று ஒரே வரி. எந்த டயர், எத்தனை லிட்டர், ஒன்றும் இல்லை. அந்த ஒரு வரிக்கு அரை மாதச் சம்பளம். ரிப்பேர் செலவு தனி.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். வேலைக்கு முன்னால் காட்டிய கருவியை வேலை முடிந்ததும் காட்டச் சொல்லுங்கள், காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள். டயரை மாட்டுவதற்கு முன்பே அந்த நான்கு இலக்கத்தைப் படியுங்கள், பனிப்படிகச் சின்னத்தைத் தேடுங்கள். பேட்டரி 'ஓகே' என்று வாயால் சொன்னால் விடாதீர்கள், சோதனைத் தாளைக் கேளுங்கள். நல்ல பேட்டரியே மைனஸ் 18-இல் ஏறக்குறையப் பாதி பலத்தை இழந்துவிடும். பில்லில் ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக வர வேண்டும்.

இரண்டாவது மெக்கானிக் பார்த்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதை எடுத்துக்கொண்டு நாளைக் காலை அந்தக் கடை திறக்கும்போதே போய் நிற்கப்போகிறேன். பணம் வராவிட்டால் நுகர்வோர் புகார்தான்.