மதுரை மெஸ்ஸில் தட்டு வரும்போதே விலையைக் கேட்டுவிடுங்கள்

மதுரைக்கு வருகிற எல்லோரும் கேட்கும் அந்தப் பிரபலமான மெஸ்ஸுக்குப் போகத் திட்டம் போட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. கேட்காமலே கிண்ணங்களைத் தட்டில் கொண்டு வந்து, விலை சொல்லாமல் இலைக்குப் பக்கத்தில் இறக்கிவிடுகிற இந்தத் தட்டு வியாபாரம் அந்த ஒரு கடையோடு நிற்பதும் இல்லை, பேர் வாங்கிவிட்ட பல அசைவ மெஸ்களில் இப்போது நடப்பதுதான்.

சாப்பாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். மட்டன் குழம்பு நிஜமாகவே நன்றாக இருந்தது. எண்ணெய் மிதக்காமல், மிளகும் மல்லியும் வறுத்து அரைத்த வாசனையோடு, சோற்றில் பிசைந்தால் வேறு எதுவும் வேண்டாம் என்கிற மாதிரி. ரசமும் அப்படித்தான். அந்தக் கடை பேர் வாங்கியது இந்தக் குழம்பால்தான் என்று நம்புகிறேன், அந்தக் கைப்பக்குவம் இன்னும் அடுப்படியில் இருக்கிறது. கெட்டுப்போயிருப்பது அடுப்படிக்கு வெளியே.

கோவையிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், கீழே ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஆள் நிற்கிற கூட்டம். சாப்பிடுகிறவர் தலைக்கு மேல் நின்று அவர் எப்போது மோர் கேட்பார் என்று பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு என்றைக்குமே பிடிக்காது. வாசலில் இருந்தவர் "ஃபேமிலின்னா மேல ஏசி ஹால் ஃப்ரீயா இருக்கு சார்" என்றார். சரி, போனோம். ஆறு பேர்.

இலை போட்டுத் தண்ணீர் தெளிப்பதற்குள்ளேயே வந்துவிட்டது அந்தத் தட்டு. பெரிய எவர்சில்வர் தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்களாக சுக்கா, ஈரல், குடல், கோலா உருண்டை, நண்டு ஆம்லெட், அயிரை மீன் குழம்பு எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். கொண்டு வருகிறவர் குரலில் அவ்வளவு பாசம். "அம்மா, அயிரை இன்னைக்குக் காலைலதான் உசுரோட வந்துச்சு, வச்சிரவா? தம்பிக்குக் கோலா வைக்கவா? சாப்ட்டுப் பாருங்கண்ணே." நீங்கள் யோசிப்பதற்குள் கிண்ணம் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். சித்தி ஆம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சிரித்தார், அவ்வளவுதான், இரண்டு பிளேட் கோலா வந்து இறங்கிவிட்டது. ஏற்கெனவே நாங்கள் கேட்டு வாங்கிய கோலா இரண்டு பிளேட் அப்படியே இருக்கும்போது. விலைப்பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது, அதில் சாப்பாடு, பிரியாணி, பரோட்டாவுக்கெல்லாம் விலை உண்டு. தட்டில் வருகிற எதற்கும் விலை கிடையாது. அயிரைக்கு நேரே வெறும் கோடு. எவ்வளவு என்று கேட்டேன். "பாத்துப் போட்டுக்கலாம் சார், முதல்ல சாப்பிடுங்க" என்று பதில்.

அந்த அயிரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆற்று மணலிலும் கண்மாயிலும் கிடைக்கிற விரல் நீள மீன் அது. தலையும் குடலும் எடுக்காமல் முழுசாகத்தான் குழம்பில் போடுவார்கள் என்பதால், உயிரோடு வாங்கித் தேங்காய்ப்பாலிலோ மோரிலோ விட்டு, வயிற்றில் இருக்கும் மண்ணை அதுவே கக்கும் வரை வைத்திருந்து, பிறகு உப்புப் போட்டு உரசிக் கழுவ வேண்டும். வீட்டில் செய்தவர்களுக்குத் தெரியும், பாதி நாள் அதற்கே போய்விடும். விலை அதிகமாக இருப்பதில் நியாயம் உண்டு. ஆனால் எங்களுக்கு வந்த கிண்ணத்தில் இரண்டாவது வாயிலேயே மண் நறநறவென்றது. பாதிக்குமேல் அயிரையே இல்லை, ஏதோ பொடி மீன், அயிரைக்கு உரிய அந்த லேசான கசப்பும் இல்லை. கோலா உருண்டையில் கறி இருந்ததா என்பதே சந்தேகம். பொட்டுக்கடலை மாவு பிடிப்புக்குத்தான், இங்கே பிடிப்பு மட்டுமே உருண்டையாகி வந்திருந்தது. சுக்கா பரவாயில்லை.

அப்புறம் பில். பில் என்றா சொல்வது, துண்டுச் சீட்டு. என்ன அயிட்டம், எத்தனை என்று ஒன்றும் இல்லை. 4,400 என்று ஒரு தொகை, கீழே டாக்ஸ் 792, மொத்தம் 5,192. கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது. ஜிஎஸ்டி எண் இல்லை, உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லை. 792 என்றால் 18 சதவீதம். ஏன் என்று கேட்டதற்கு கல்லாவில் இருந்தவர் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "ஏசி ஹாலுக்கு அதான் சார் டாக்ஸ். கீழ சாப்ட்டா அஞ்சுதான்."

இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். ஏசிக்கு 18, ஏசி இல்லாததற்கு 12 என்று இருந்தது 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த புதிதில், சில மாதங்களுக்கு மட்டும். அதே வருடம் நவம்பர் 15 முதல் சாதாரண உணவகங்களுக்கு ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 5 சதவீதம்தான். அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டுகிற பெரிய நட்சத்திர ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களில்தான் 18 வரும். மாடியில் நாலு ஏசி மாட்டிய மெஸ் அதில் சேராது. இன்னொன்று, சின்னக் கடைகள் சில காம்போசிஷன் திட்டத்தில் (மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைக் கடைக்காரரே வரியாகக் கட்டிவிடும் ஏற்பாடு) இருக்கும், அவர்கள் வாடிக்கையாளரிடம் தனியாக வரியே வாங்கக் கூடாது, பில்லிலேயே அதை எழுதியிருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஜிஎஸ்டி எண் இல்லாத சீட்டில் வரி என்று ஒரு ரூபாய் போட்டாலும் அது தப்புக் கணக்கு. ஏசிக்காகச் சாப்பாட்டு விலையைக் கூட்டி வைப்பது அவர்கள் இஷ்டம், அதைப் பட்டியலில் போட்டுவிட்டு வாங்கட்டும். வரி என்று பெயர் சொல்லி வாங்குவதுதான் அயோக்கியத்தனம்.

கம்ப்யூட்டர் பில் கேட்டேன். மெஷின் ரிப்பேர் என்றார்கள். பக்கத்து மேசைக்கு அதே மெஷினிலிருந்து ஒரு பில் கிழித்துக்கொண்டு போனார்கள், என் கண் முன்னாலேயே. சித்தப்பாவுக்குச் சங்கடம், "விடு கண்ணு, நாலு பேரு பாக்கறாங்க" என்கிறார். இந்த நாலு பேர் பார்ப்பார்கள் என்கிற கூச்சத்தில்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது. விருந்தாளிகளை அழைத்து வந்தவன் பில்லுக்குச் சண்டை போட மாட்டான் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் தட்டு எப்போதும் விருந்தாளி பக்கமே முதலில் போகிறது. "எங்க கடைக்கு வந்து யாரும் இப்படிக் கணக்குக் கேட்டதில்ல சார்" என்று வேறு சொன்னார், அதை ஒரு பெருமையாக.

ஜிஎஸ்டி எண்ணும் 14 இலக்க உரிம எண்ணும் உள்ள பில் இல்லாமல் பணம் தர மாட்டேன் என்று நின்றதும் மெஷின் சரியாகிவிட்டது. வந்த பில்லில் கேட்காத கோலா இரண்டு பிளேட் காணோம், வரி 5 சதவீதம். மொத்தம் 4,242. ஒரே சாப்பாடு, கேள்வி கேட்டதற்கு 950 ரூபாய் குறைந்தது. கேட்காதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உரிம எண்ணைப் பில்லில் அச்சிட வேண்டும் என்பது 2022 ஜனவரி முதலே கட்டாயம், கம்ப்யூட்டர் பில்லில் அது இருந்தது, துண்டுச் சீட்டில்தான் இல்லை. ஆக, விதி தெரியாமல் செய்யவில்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் பாட்டிலுக்கு எம்ஆர்பிக்கு மேல் போட்டிருந்தார்கள், அதற்கு நான் வாய் திறக்கவில்லை. உணவகத்தில் உட்கார வைத்துப் பரிமாறும்போது அப்படி விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எனவே அதில் மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். ஆனால் சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகப் போட்டால் விடாதீர்கள். அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அது செல்லும் என்றது.

வெளியே வரும்போது வாசலில் ஒரு கியூஆர் அட்டை. ஐந்து நட்சத்திரம் போட்டுக் காட்டினால் பீடா இலவசமாம். இணையத்தில் அந்தக் கடைக்குக் குவிந்திருக்கிற பாராட்டில் பாதி பீடாவுக்காக எழுதியதோ என்னவோ. மீதி வீடியோக்காரர்கள். தட்டைக் கேமராவுக்குச் சாய்த்துக் காட்டுகிற ஒருவராவது பில்லைக் காட்டியிருக்கிறாரா? காசோ இலவசச் சாப்பாடோ வாங்கியிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியிலேயே மத்திய அரசு வழிமுறை வெளியிட்டாயிற்று. நான் பார்த்தவற்றில் யாரும் சொல்லவில்லை.

இதற்குப் பிறகும் அந்த மட்டன் குழம்புக்காகப் போகத்தான் போகிறீர்கள் என்றால் கீழேயே உட்காருங்கள், சாப்பாடு மட்டும் சொல்லுங்கள், குழம்பு எத்தனை முறை கேட்டாலும் ஊற்றுகிறார்கள். தட்டு வந்தால் கிண்ணம் கீழே இறங்கும் முன் விலையைக் கேளுங்கள், சொல்லாவிட்டால் இலைக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிறகு திருப்பி எடுக்கச் சொன்னால் "இலையில வச்சது சார்" என்பார்கள்.

இரண்டு பில்லையும் படம் எடுத்து வைத்திருந்தேன் (துண்டுச் சீட்டைத் திரும்பப் பிடுங்கப் பார்த்தார்கள், கொடுக்கவில்லை). தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன், மீன் விஷயத்தை உணவுப் பாதுகாப்புத் துறைக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். கடைத் தரப்பிலிருந்து ஏதாவது பதில் வந்தால் இதிலேயே சேர்க்கிறேன்.