குழந்தைப்பேறு சிகிச்சை: ஊர்ப்பக்கமா, திருச்சியா, சென்னையா?

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் இந்தச் சிகிச்சைக்கு அலைகிறவர்களிடம் "மெட்ராஸ் போனால்தான் நிக்கும்" என்று சொல்ல வீட்டுக்கு ஓர் அத்தை இருப்பார். வருஷக்கணக்கில் இதோடு புழங்கியதில் எங்கள் கணிப்பு வேறு. ஐயூஐ (கழுவிய விந்தைக் குழாய் வழியாகக் கருப்பைக்குள் விடுவது) வரை உள்ளூரே போதும். ஐவிஎஃப் (முட்டையை வெளியே எடுத்து, லேபில் விந்தோடு சேர்த்துக் கருவாக்கி, கருப்பையில் வைப்பது) என்றால் இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரும் மையம். நம் பக்கத்துக்குத் தஞ்சாவூர் அல்லது திருச்சி. விரையிலிருந்தே விந்தணு எடுப்பது, கருவில் மரபணுச் சோதனை, இரண்டு மூன்று முறை தவறியது என்று தனிக் காரணம் இருந்தால் மட்டும் சென்னை.

ஐவிஎஃபில், முட்டைகளை வளர்க்கும் ஹார்மோன் ஊசியை மாதவிலக்கின் 2 அல்லது 3ஆம் நாள் ஆரம்பித்தால் 10, 12 நாள் ஓடும். நடுவில் நாலைந்து ஸ்கேன். முதல் ஸ்கேன்களை ஊரில் எடுத்து ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சில மையங்கள் சம்மதிக்கும். கடைசி இரண்டை மையத்திலேயே எடுங்கள். ஃபாலிக்கிள் (முட்டை வளரும் பை) 17, 18 மி.மீ. வந்ததா என்பதை வைத்துத்தான் டிரிக்கர் ஊசி, அதாவது முட்டையை முதிரவைக்கும் கடைசி ஊசி; ஸ்கேன் எடுக்கும் ஆள் மாறினால் அளவும் ஒன்றிரண்டு மி.மீ. மாறும்.

டிரிக்கரில்தான் தூரம் கழுத்தைப் பிடிக்கும். போட்டு 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டை எடுக்க வேண்டும். புதன் காலை 9 மணிக்கு எடுப்பதென்றால் திங்கள் இரவு 10 மணிக்கு ஊசி. சீக்கிரம் எடுத்தால் முட்டை முதிர்ந்திருக்காது, தாமதித்தால் வெடித்துப் போயிருக்கும். ஊசி அரை மணி பிந்தினாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், எடுக்கும் நேரத்தைத் தள்ளிவைப்பார்கள். அன்று காலை ரயிலை நம்பாமல் முந்தின நாளே போய்த் தங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைப் பயணத்தோடு சுற்று ஆரம்பிப்பதை முடிந்தவரை தவிர்க்கலாம்.

ஹார்மோன் ஊசிகள் பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். தெர்மாகோல் பெட்டியில் கொண்டுவரும்போது ஐஸ் நேராகப் படக் கூடாது, உறைந்தால் மருந்து வீண். பெட்டிக்குள் துண்டு சுற்றி வையுங்கள். வீட்டில் ஃப்ரீசருக்குக் கீழ்த்தட்டு வேண்டாம், நடுத்தட்டு. கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள்.

சின்ன ஊர் மையத்தில் கட்டாயம் கேட்க வேண்டியது: எம்பிரியாலஜிஸ்ட் (லேபில் கருவை உருவாக்கி வளர்ப்பவர்) தினமும் இருக்கிறாரா, பேட்ச் போட்டு வெளியூரிலிருந்து வருகிறாரா? பேட்ச் என்றால் பல பெண்களின் தேதியை மாத்திரையால் ஒன்றாக இழுத்து, அவர் வரும் நாளில் எல்லோருக்கும் முட்டை எடுப்பார்கள். உங்கள் ஃபாலிக்கிள் அவருக்காகக் காத்திருக்காது. 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி ஐவிஎஃப் செய்ய லெவல் 2 பதிவு வேண்டும், லெவல் 1 ஐயூஐக்கு மட்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

முட்டை எடுத்த பிறகு வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் ஓஹெச்எஸ்எஸ் (ஊசிக்குச் சினைப்பை அளவுக்கு மீறி வீங்குவது) என்று சந்தேகிக்க வேண்டும். சினைப்பையில் நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். தூரத்து மையம் என்றால், ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது, உள்ளூரில் எந்த மருத்துவமனை சேர்த்துக்கொள்ளும் என்று முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். நாங்கள் பார்த்தவரை பலரும் இதைக் கேட்பதே இல்லை.

லேபில் உருவான கருவை உறையவைத்து, பிறகு கருப்பையில் வைப்பதில் தூரம் அவ்வளவு உறுத்தாது. கருப்பையின் உள்படலத்தை ஊரிலேயே அளந்து, 7, 8 மி.மீ. வந்ததும் தேதி குறிக்கலாம். வைத்தபின் பஸ் குலுங்கினால் கரு விழுந்துவிடும் என்பது வெறும் பயம். ஆனால் கரு எந்த ஊரில் உறைந்திருக்கிறதோ, ஒவ்வொரு முறையும் அந்த ஊருக்குத்தான் போயாக வேண்டும். இடம் மாற்றுவதற்குத் தனிச் செலவும் இரண்டு மையங்களின் சம்மதமும் தேவை. வருடாந்தரச் சேமிப்புக் கட்டணம் பேக்கேஜில் அடங்குமா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். கருவின் எண்ணிக்கை, தரம், எத்தனையாம் நாளில் உறைந்தது என்று எழுதிய தாளை முதல் சுற்றிலேயே கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.