டாக்டர் அறையில் அந்தப் பேச்சை யார் தொடங்குவது?

எச்.ஐ.வி. தடுப்பு பற்றிக் கேட்கலாம் என்று நினைத்துப் போய், கடைசியில் காய்ச்சலுக்கு மட்டும் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புபவர்கள் நிறையப் பேர். சிறுபான்மையினராக இருந்தால், அது இனமோ மொழியோ பாலீர்ப்போ எதுவானாலும், உடம்பைப் பற்றிப் பேசும் கூச்சத்தோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொள்ளும்: "எங்க ஆட்களைப் பற்றி இவர் ஏற்கெனவே என்ன முடிவு கட்டி வைத்திருக்கிறாரோ?"

சரி, அந்தப் பேச்சு எப்படித் தொடங்கலாம்?

நோயாளியே வாயைத் திறக்கட்டும் என்று விட்டுவிடுவது ஒரு வழி. பார்க்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் இருப்பதே தெரியாத மருந்தை யார் போய்க் கேட்பார்கள்? தினமும் ஒழுங்காகப் போட்டால் பிரெப் (PrEP) என்ற தடுப்பு மாத்திரை உடலுறவு வழியாக எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பைச் சுமார் 99 சதவீதம் குறைக்கிறது. ஆபத்தான உறவு நடந்துவிட்டது என்றால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் அவசர மருந்தும் இருக்கிறது. இந்த 72 மணி நேரக் கணக்கு முன்கூட்டியே தெரிந்தவருக்குத்தான் அது உதவும்.

இரண்டாவது, ஆளைப் பார்த்து ஊகித்துக் கேட்பது. இதைத்தான் நான் அடியோடு வெறுக்கிறேன். முழங்கால் வலி என்று வந்த கறுப்பின இளைஞரிடம் "எத்தனை பேரோடு உறவு?" என்று கேட்பார்கள், அதே நாளில் வந்த ஐம்பது வயதுப் பெண்ணிடம், கல்யாணமானவர் என்பதால் ஒரு வார்த்தைகூடக் கேட்க மாட்டார்கள். ஒருவருக்கு அவமானம், இன்னொருவருக்குப் பரிசோதனையே இல்லை. அமெரிக்காவில் டஸ்கிகீ ஆய்வு என்ற பெயரில் 1932 முதல் 1972 வரை சிபிலிஸ் என்ற பால்வினை நோயிருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களை அரசு சுகாதாரத் துறையே சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டிருந்தது, பென்சிலின் வழக்கமான மருந்தாக வந்த பிறகும் கொடுக்கவில்லை. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவரை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்டால், அவர் காதில் அது சாதாரணக் கேள்வியாகவா விழும்?

எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்பது மூன்றாவது. என் ஓட்டு இதற்குத்தான். அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. 2006-லேயே 13 முதல் 64 வயது வரை எல்லாருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனையை வழக்கமாக்கச் சொன்னது. உடலுறவில் ஈடுபடும் பெரியவர்கள், வளரிளம் பருவத்தினர் எல்லாருக்கும் பிரெப் பற்றிச் சொல்லச் சொன்னது 2021-இல்.

ஆனால் எல்லாரிடமும் கேட்டாலும், கேட்கிற விதத்தில் கெட்டுப்போகும். கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "கல்யாணம் ஆயிடுச்சா? கணவர் கூடத்தானே?" என்றால் "ஆமாம்" என்பதைத் தவிர என்ன பதில் வரும்? அதையே, "இதை நான் எல்லாரிடமும் கேட்பது வழக்கம். ஆண்களோடா, பெண்களோடா, இருவரோடுமா, எந்த விதமான உறவு என்று தெரிந்தால்தான் எங்கே பரிசோதிப்பது என்று எனக்குத் தெரியும், சிறுநீரை மட்டும் சோதித்தால் தொண்டையிலும் ஆசனவாயிலும் உள்ள கொனோரியா போன்ற பால்வினைத் தொற்று தெரியாமல் போகும்" என்று காரணத்தோடு சொல்லிப் பாருங்கள். காரணம் தெரிந்ததும் எதிரே இருப்பவரின் தோள் தளர்வதைப் பார்க்கலாம்.

முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிறவர்களுக்குப் படிவமோ டேப்லெட்டோ நல்லதுதான், நோயாளியின் மொழியில் இருந்தால். அப்புறம், அதை டாக்டர் படிக்கவும் வேண்டும். தைரியத்தை வரவழைத்துப் படிவத்தின் ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டு உள்ளே போய், அதைப் பற்றி ஒரு பேச்சும் எழாமல் வெளியே வருவது, கேட்காமலே விட்டதைவிட அதிகமாக வலிக்கும்.

மொழி தெரியாத இடத்தில் சொந்தக்காரரா, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரா? பயிற்சி பெற்றவர்தான், இதில் எனக்குத் தயக்கமே கிடையாது. ஒருமுறை தெரிந்த அக்காவுக்காக நானே நடுவில் உட்கார்ந்தேன். "கணவரைத் தவிர வேறு யாருடனாவது உறவு உண்டா?" என்று டாக்டர் கேட்டதை, "வேற ஏதாவது பிரச்சினை இருக்காக்கா?" என்று மாற்றிச் சொன்னேன். அவர் இல்லை என்றார். நானும் "இல்லை" என்று டாக்டரிடம் சொன்னேன். அந்த அக்காவிடம் அந்தக் கேள்வி போய்ச் சேரவே இல்லை. சமூகம் சிறியதாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரே தெரிந்தவராக அமைந்துவிடலாம், அங்கே வெளியூரிலிருந்து போனில் பேசும் குரல்தான் பாதுகாப்பு.

இவ்வளவும் எதற்கென்றால், சரியான வழியைச் சேர்ந்து தேர்ந்தெடுக்கத்தான். ஆணுறை இருக்கிறது, தினசரி மாத்திரை இருக்கிறது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது, 2025-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் வந்துவிட்டது. கிடைப்பதும் செலவும் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் அலமாரியைத் திறந்து பார்க்கும் மாமியாரோ அறைத்தோழரோ உள்ளவருக்கு மாத்திரை டப்பாவே ஆபத்து, அவருக்கு ஊசிதான் வசதி. "இதை வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா?" என்று டாக்டர் ஒரு வார்த்தை கேட்டால்தான் அது வெளியே வரும்.