மூன்று பந்து ஸ்பைரோமீட்டர்: வாங்கலாமா?

2021 கொரோனா இரண்டாம் அலையில் ஐசியூ வரை போய் மீண்டு வந்த அப்பாவுக்காக மருந்துக் கடையில் வாங்கிய மூச்சுப்பயிற்சிக் கருவி இது. இதில் ஊதக்கூடாது, குழாயை வாயில் வைத்து மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். பந்து எழும்பும் அறைகளில் 600, 900, 1200 என்று போட்டிருப்பது நொடிக்கு எத்தனை மில்லி காற்று இழுக்கிறோம் என்கிற கணக்கு. ஆரம்பத்தில் முதல் பந்தே அரை மனதோடுதான் எழும்பியது, அப்புறம் ஒருநாள் இரண்டாவதும் மேலே போய் நின்றபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிளாஸ்டிக் சுமார் ரகம், குழாய் சொருகும் இடம் சீக்கிரமே லூசாகிவிட்டது. நுரையீரலில் விழுந்த தழும்பையெல்லாம் இது ஆற்றாது, மாடி ஏறினால் வாங்கும் மூச்சுக்கும் வற்றிப்போன கால் தசைக்கும் நடைப்பயிற்சியும் பிசியோதெரபியும்தான் வேண்டும். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். விலைக்கு மோசமில்லை, வாய்க்குழாயை மட்டும் தினமும் கழுவிக் காயவையுங்கள்.