ஸ்காட்லாந்தின் ஸ்வோனா தீவுப் பக்கம் கப்பல் போகிறவர்களுக்கு என்.பி.209 நீரோட்ட அட்லஸ் போதுமா?

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளைச் சுற்றிய நீரோட்டத்துக்கு அட்மிரால்டி என்ற பெயரில் பிரிட்டனில் வெளிவரும் ஒல்லிப் புத்தகம் இது. மண்ணடியில் சார்ட் (கடல் வரைபடம்) விற்கும் ஏஜென்ட்டிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. ராயபுரம், தண்டையார்பேட்டையில் செகண்ட் மேட் என்ற கப்பல் அதிகாரி தேர்வுக்குப் படிப்பவர்கள் பயிற்சிக்கு வாங்கலாம். ஆனால் ஸ்காட்லாந்துக்கும் ஆர்க்னிக்கும் நடுவிலுள்ள பென்ட்லண்ட் ஃபர்த் நீரிணைக்குள் கப்பலைக் கொண்டுபோக இது மட்டும் போதாது.

பயன்படுத்துவது சுலபம். பக்கத் தலைப்பில் இருக்கும் துறைமுகத்தின் ஹை வாட்டர், அதாவது ஓதம் உச்சத்தில் இருக்கும் நேரம்தான் கணக்கு. அதற்கு முன்னும் பின்னும் மணிக்கொரு பக்கம். அம்புக்குறி அருகில் 19,34 என்றிருந்தால் நீப்பில் (ஓதம் குறைவாக ஏறி இறங்கும் நாட்கள்) 1.9 நாட், ஸ்பிரிங்கில் (அதிகமாக ஏறி இறங்கும் நாட்கள்) 3.4 நாட். நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். அன்றைய ரேஞ்ச் (ஓதத்தின் ஏற்ற இறக்க வித்தியாசம்) இரண்டுக்கும் சரிநடுவில் வந்தால் 2.65. சென்னையில் ஸ்பிரிங்கிலும் ரேஞ்ச் சுமார் 1 மீட்டரோடு முடிந்துவிடுவதால் நம்மவர்கள் இந்தப் படியைச் சட்டென்று தாண்டிவிடுவார்கள். அங்கே அது நடக்காது.

ஒவ்வொரு பக்கமும் குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பிருந்து அரை மணி பின்பு வரை செல்லும். கோடையில் பிரிட்டிஷ் கடிகாரம் 1 மணி நேரம் முன்னே ஓடும், ஓத அட்டவணையோ யு.டி.யில் (கிரீன்விச் நேரம்) இருக்கும். திருத்தாமல் விட்டால் ஒரு பக்கம் தள்ளிப் பார்ப்பீர்கள். ஓட்டம் திரும்பும் நேரமென்றால் திசையே தலைகீழ்.

இனி ஸ்வோனா. ஃபர்த்துக்குள் 41 மீட்டர் உயரமே உள்ள தாழ்ந்த தீவு, அட்லஸில் மிளகளவு. ஓட்டம் அதில் மோதிப் பிரிந்து மறுபுறம் எதிர்ச்சுழலாகிறது, முனைகளில் ரேஸ் எனும் கொந்தளிப்பான வேக ஓட்டம் கிளம்புகிறது. இவ்வளவையும் அம்புக்குறிகளால் காட்ட முடியாது. 2162-ஆம் எண் சார்ட்டும் என்.பி.52 பைலட் (கடல்வழிக் குறிப்பு) புத்தகமும் கூடவே வேண்டும். 1937-ல் ஃபின்லாந்துக் கப்பல் ஜோஹன்னா தோர்டன் உடைந்தது இந்தத் தீவின் தென்முனை டார்ஃப் டெயிலில்தான்.

கரையில் வீடுகள் தெரிகிறதே என்று நம்பவும் வேண்டாம். கடைசிக் குடியிருப்பாளர்கள் 1974-ல் வெளியேறிவிட்டார்கள். விட்டுப்போன மாடுகள் தாமே பெருகிக் காட்டுமாடுகள் ஆகிவிட்டன. ஆபத்தென்றால் வி.எச்.எஃப். ரேடியோவில் சேனல் 16-ல் ஷெட்லாந்து கோஸ்ட்கார்டைத்தான் கூப்பிட வேண்டும்.

அலையைப் பற்றி அட்லஸ் வாயே திறப்பதில்லை என்பதுதான் பெரிய குறை. ஓட்டம் மேற்கே போகும்போது மேற்கிலிருந்து காற்றும் அலையும் எதிர்த்தால், அலைகளுக்கு இடைவெளி குறுகிச் சுவர்போல் எழும். மெரி மென் ஆஃப் மே என்ற ரேஸ் அப்படித்தான் உருவாகிறது. 2015 ஜனவரி 2-ஆம் தேதி சிமென்ட் கப்பல் செம்ஃபியோர்ட் இப்படிப்பட்ட கடலில் கவிழ்ந்து 8 பேரும் இறந்தார்கள். சுமார் 25 மணி நேரம் கழித்து ஒரு ஃபெர்ரிதான் அதன் அடிப்பாகத்தைப் பார்த்தது. அட்லஸிலிருந்து வேகமும் திசையும் எடுத்த கையோடு வானிலை அறிக்கையின் காற்றுத் திசையைப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் எதிரெதிரானால் ஓட்டம் மாறும் வரை வெளியே காத்திருப்பதே வழி.

அச்சும் தாளும் நன்று. நீலக் கடலில் அம்புகளின் தடிப்பைப் பார்த்தே வேகம் புரிந்துவிடும். பணம் கொடுக்குமுன் நடப்புப் பதிப்புதானா என்று என்.பி.234 பட்டியலில் சரிபாருங்கள். பழைய பதிப்பு செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் தேர்வுப் பயிற்சிக்கு வாங்கலாம், கப்பலை இயக்கும் பிரிட்ஜுக்குக் கொண்டுபோகாதீர்கள்.